நாலு மணி நேரத்தில் நிறையும் அணை

மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). வினாடிக்கு 30,000 கன அடி வீதம் தண்ணீர் வந்துகொண்டே இருந்தாலும், காலியாகக் கிடக்கும் மேட்டூர் நிறைய 36 நாள் ஆகும். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் இருக்கிறது குடகனாறு அணை. 1958-இல் கட்டியபோது அதன் கொள்ளளவு 1 கோடியே 23 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 43 கோடி கன அடி. அதே 30,000 கன அடி வந்தால் இது நாலே மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

சின்ன அணைதானே என்று அலட்சியமாகப் பேசுவது ஊரில் வழக்கம். அந்த நாலு மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் சின்ன அணையைப் பார்க்க வேண்டும். பெரிய அணையில் மேலே மழை பெய்த செய்தி வந்த பிறகும் யோசிக்க, ஆள் அனுப்ப, பழுது பார்க்க அவகாசம் உண்டு. சின்ன அணையில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கிற வெள்ளம் ரெண்டு மணிக்குக் கரையின் உச்சியில் நிற்கும்.

குடகனாற்றில் அவகாசம் போதவில்லை. 1977-இல் வெள்ளம் வந்தபோது அணையில் இருந்தவை செங்குத்தாகத் தூக்கும் 5 ஷட்டர்கள், ஒவ்வொன்றும் 3.05 மீட்டர் அகலம். ஆற்றுப்படுகையிலிருந்து 11.45 மீட்டர் உயரமுள்ள மண் கரை. பணியாளர்கள் தூங்கிவிடவில்லை, நேரத்தோடு ஷட்டர்களைத் தூக்க ஆரம்பித்தார்கள். பாதியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், பலன் இல்லை. கடைசியில் கையால் சுற்றினார்கள். அதற்குள் தண்ணீர் கரையின் மேல் ஏறி வெளிச்சரிவில் அருவிபோல் கொட்டத் தொடங்கிவிட்டது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் கரை உடைந்தது. பிறகு மிகைநீர்ப் போக்கியைப் பெரிதாக்கித் திரும்பக் கட்டினார்கள்.

கல் அணையாக இருந்தால் தண்ணீர் மேலே வழிந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும். மண் கரைக்கு அந்தத் தெம்பு கிடையாது. மேலே வழியும் தண்ணீர் வெளிச்சரிவின் அடியில் முதல் பள்ளத்தைத் தோண்டும். அந்தப் பள்ளம் படிப்படியாக மேல் நோக்கி அரித்துக்கொண்டு போய்க் கரையின் உச்சியைத் தொட்டதும் வாய் திறந்துவிடும். அதனால்தான், வெள்ளம் அதிகபட்சம் ஏறக்கூடிய மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். இதை ஃப்ரீபோர்டு என்பார்கள். குடகனாற்றில் அது 2.5 மீட்டர், அதாவது 8 அடிக்குச் சற்று மேல். தாராளமாகத்தான் தோன்றுகிறது. அது எப்படிக் கரைந்துபோகும் என்பதற்கு ஒரு கணக்கு.

ஷட்டர் உட்காரும் விளிம்புக்கு மேல் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறதோ, அதன் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப வெளியேற்றம் கூடும். உயரம் இரண்டு மடங்கானால் வெளியேற்றம் ஏறத்தாழ 2.8 மடங்கு. ஓர் உதாரணத்துக்கு, 5 ஷட்டர்களும் முழுதாகத் திறந்திருந்தால் 10 அடி உயரத் தண்ணீரில் ஒரு வெள்ளம் கடந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷட்டர் தூக்கவில்லை என்றால் அதே வெள்ளம் கடக்க நீர்மட்டம் 11.6 அடிக்கு ஏற வேண்டும். இரண்டு தூக்கவில்லை என்றால் 14 அடி. மூன்று தூக்கவில்லை என்றால் 18.4 அடி. அதாவது கூடுதலாக 8.4 அடி. 2.5 மீட்டர் ஃப்ரீபோர்டு மொத்தமும் அதிலேயே போய்விடுகிறது, இதில் காற்றடித்து எழும்பும் அலையைச் சேர்க்கவே இல்லை.

ஷட்டர்

பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் ரூபாய் ஷட்டருக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. 40 அடி அகலம், 20 அடி உயரமுள்ள ஒரு ஷட்டரின் விளிம்பு வரை தண்ணீர் நின்றால் அதன் மேல் விழும் மொத்த அழுத்தம் சுமார் 226 டன். இதைத் தாங்குவது ஒரு அங்குலம்கூட இல்லாத தகடும் அதன் பின்னால் பற்றவைத்த இரும்பு விட்டங்களும். துரு பிடிப்பது தண்ணீருக்குள் முழுதாக மூழ்கிய பாகத்தில் அல்ல. நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையிலும், படுக்கை விட்டங்களின் மேல் தண்ணீர் தேங்கும் இடத்திலும்தான் அதிகம். அங்கே தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருப்பார்கள். சேறும் பறவை எச்சமும் அதை அடைத்துவிட்டால் விட்டம் மழைக்காலம் முழுக்கத் தொட்டிபோல் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டு அந்த ஓட்டைகளைக் குத்திவிட ஓர் ஆளுக்கு அரை நாள் போதும்.

கிருஷ்ணகிரியில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணை 1957-இல் திறக்கப்பட்டது. மொத்த உயரம் 52 அடி, 8 ஷட்டர்கள். 2017 நவம்பர் 29 அன்று, அணை ஏறத்தாழ நிறைந்திருந்த நேரத்தில் முதல் ஷட்டர் உடைந்தது. ஷட்டரின் உயரம் 20 அடி. எனவே 32 அடி மட்டத்துக்கு மேல் இருந்த தண்ணீர் எதுவும் தங்காது, அந்தத் தண்ணீரை நம்பிப் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது பெயர்ந்தபோது காரணம் வேறு: ஷட்டரைத் தூக்க உதவும் எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்தது. ஒன்றில் உடைந்தது ஷட்டர், மற்றதில் அறுந்தது அதைத் தாங்கிய சங்கிலி. சோதனையில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஜூன் மாதத்துக்குள், தண்ணீர் ஷட்டருக்குக் கீழே இருக்கும்போதே, ஒவ்வொன்றையும் அடியிலிருந்து உச்சி வரை தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். பாதி தூக்கிவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிவைப்பதில் பயனில்லை, மேல் பாதியிலும் சிக்கலாம். உருளைகள் சுழல்கின்றனவா அல்லது வழுக்கிக்கொண்டு வருகின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு உருளையிலும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தூக்கினால் போதும். கோடு சுற்றி வரவில்லை என்றால் உருளை இறுகிவிட்டது. மோட்டார் அந்த உராய்வையும் சேர்த்து இழுக்கிறது, வெள்ளத்தின் அழுத்தத்தில் நின்றுபோகும். கம்பிவடத்தை வெளியே கிரீஸ் பூசிப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். உள் இழைகள் உலர்ந்து துருப்பிடித்திருக்கும். வடம் டிரம்மில் சுற்றும் இடத்தில் கந்தல் துணியால் பிடித்து இழுத்துப் பாருங்கள், அறுந்த இழை துணியில் மாட்டும். ஓரத்து ரப்பர் சீல் நகத்தால் அழுத்தினால் அமுங்க வேண்டும், கல்லாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஜெனரேட்டரைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது சோதனை ஆகாது. மெயினை அணைத்துவிட்டு, ஜெனரேட்டரின் மின்சாரத்தில் ஒரு ஷட்டரை முழுதாகத் தூக்க வேண்டும், குறைந்தது அரை மணி நேரம் சுமையோடு ஓட வேண்டும். கையால் சுற்றும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது அன்றைக்குப் பணியில் இருக்கும் லஸ்கருக்கு (ஷட்டரை இயக்கும் அணைப் பணியாளருக்கு) தெரிந்திருக்க வேண்டும். கையால் ஓர் அடி தூக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி, பெயிண்டால் அறைச் சுவரிலேயே எழுதிவைக்கலாம். குடகனாற்றில் வந்ததுபோல ஒரு நிலைமை வந்தால் அந்த எண்தான் முக்கியம்.

கரை

மண் கரை எல்லாமே கொஞ்சம் கசியும். கசிவதைக் கண்டு பயப்பட வேண்டாம், கசிவு மாறுவதைக் கண்டுதான் பயப்பட வேண்டும். வெளிச்சரிவின் அடியில் கசிவு நீர் சேரும் வாய்க்காலில் ஒரு வி-நாட்ச் தகடு வைத்திருப்பார்கள், 90 பாகையில் வெட்டிய தகடு. அந்த வெட்டின் முனைக்கு மேல் தண்ணீர் 5 சென்டிமீட்டர் நின்றால் வினாடிக்கு முக்கால் லிட்டர் போகிறது. 10 சென்டிமீட்டர் என்றால் 4.4 லிட்டர். 15 என்றால் 12 லிட்டர். உயரம் மும்மடங்கானால் கசிவு பதினைந்து மடங்குக்கு மேல் என்பதைக் கவனியுங்கள். ஒரு சென்டிமீட்டர் பிழையாக அளந்தாலும் கணக்கு வெகுதூரம் போய்விடும். தகட்டை ஒட்டி அளக்கக் கூடாது, அங்கே தண்ணீர் சரிந்து இறங்கும். தண்ணீரின் உயரத்தைப்போல் நாலு மடங்கு தள்ளி மேல்பக்கம் அளக்க வேண்டும். அணையின் நீர்மட்டத்தையும் கூடவே எழுத வேண்டும். போன வருஷம் 22 அடியில் 2 லிட்டர், இந்த வருஷம் அதே 22 அடியில் 5 லிட்டர் என்றால் உள்ளே எதுவோ நடக்கிறது.

அளவைவிட நிறம் பேசும். கசிவு நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்துக் காலையில் பாருங்கள். அடியில் மண் படிந்திருந்தால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. அந்த மண் கரையிலிருந்தோ அதன் அடித்தளத்திலிருந்தோதான் வர முடியும், வெளியே வந்த அளவுக்கு உள்ளே குழாய்போல் வெற்றிடம் உருவாகிறது. அது நீர்த்தேக்கத்தைத் தொடும்வரை வெளியே பெரிதாக எதுவும் தெரியாது, தொட்டபின் சில மணி நேரம்தான்.

இது ஆரம்பிக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. மதகுக் குழாய் கரையை ஊடுருவிப் போகும் பக்கவாட்டு, மண் கரை கல் கட்டுமானத்தைத் தொடும் மூட்டு, பழைய ஆறு ஓடிய தாழ்ந்த பகுதி. கரையடியில் வட்டமாக மணல் குமிழியிட்டு எழும்பினால், ஊர்க்காரர்கள் முதலில் செய்வது களிமண் மூட்டையைப் போட்டு அடைப்பது. அது தவறு. அங்கே அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் இன்னோர் இடத்தில் வெடிக்கும். தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வரக் கூடாது. முதலில் பருமணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று அடுக்க வேண்டும். சுற்றிலும் மணல் மூட்டையை வளையமாக அடுக்கி உள்ளே தண்ணீரைக் கொஞ்சம் உயரவிட்டால் ஊற்றின் வேகம் குறையும். வளையத்துக்குள் தெளிந்த நீர் வழியும் வரை உயர்த்தினால் போதும்.

வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேல மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரம் உயிரோடு இருக்கும்போது வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது என்று ஆறுதல்படுவார்கள். வெட்டியபின் வேர் மக்கி, அது இருந்த இடம் குழாயாகிவிடும். கட்டைவிரல் தடிமனில் இருக்கும்போதே பிடுங்குவதுதான் வழி. பெரிதான மரத்தை வெட்டினால் வேர்க்கட்டையைத் தோண்டியெடுத்து, அரை அடி அடுக்காகக் களிமண் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுபோட்டு (இடித்து இறுக்கி) நிரப்ப வேண்டும். நிலமட்டத்தில் அறுத்து விறகுக்குக் கொண்டுபோவது மரத்தை விட்டுவைப்பதைவிட மோசம். நண்டு வளை, எலி வளை, கரையான் புற்று மூன்றையும் அதே முறையில் தோண்டி நிரப்ப வேண்டும், மேலே மட்டும் மண் தள்ளினால் பயனில்லை.

கரையில் விரிசல் நீளவாக்கில் ஓடுகிறதா குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் நீர்த்தேக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு அதுவே வழி, உடனே சொல்ல வேண்டும். நீளவாக்கில் என்றால் சரிவு வழுகத் தொடங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரு பக்கமும் ஒரு குச்சியை அடித்து நடுவே உள்ள தூரத்தை வாரம் ஒரு முறை அளந்தால் தெரிந்துவிடும். அணையை வேகமாக இறக்கினாலும் உள்சரிவு வழுகும். தண்ணீர் இறங்கிவிடும், மண்ணுக்குள் ஊறிய ஈரம் இறங்காது, தாங்கிப்பிடிக்க எதிர்ப்பக்கத் தண்ணீரும் இல்லாமல் கல் பாவிய சரிவு அப்படியே உட்காரும். ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் இறக்க வேண்டாம் என்பது மண் அணைகளில் பழக்கமான கை விதி.

சுற்றுலாவுக்காக அணையடியில் பூங்கா வைக்கிறார்கள். மக்கள் வந்து உட்காரட்டும், நல்லதுதான். ஆனால் கரையடியை ஒட்டிப் புல்தரை போட்டு நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தால், புதிதாக ஒரு கசிவு வந்தாலும் யாருக்கும் தெரியாது. எல்லா இடமும் ஈரமாகத்தானே இருக்கிறது. நீரூற்றுத் தொட்டிக்குப் பள்ளம் தோண்டினால், கரைக்கு முட்டுக்கொடுக்கும் மண்ணையே எடுக்கிறோம். நிழலுக்கு நடும் ஆலும் அரசும் இருபது வருஷத்தில் வேலிக்காத்தானைவிடப் பெரிய வேலை வைக்கும். பூங்காவைக் கரையடியிலிருந்து தள்ளி வைத்து, கரைக்கும் பூங்காவுக்கும் நடுவே குட்டையாக வெட்டிய புல்லோடு ஒரு வெற்றுப் பட்டையை விட வேண்டும்.

குளிக்கப் போகிறவர்களுக்கு

கோபி பக்கம் கொடிவேரியில் பவானி தடுப்பணைக்கு மேல் வழிந்து கொட்டும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டம் நெரியும். பவானிசாகரில் கூடுதலாகத் திறந்துவிட்டால் குளிக்கத் தடை போடுவார்கள், தடையை மீறி இறங்காதீர்கள். தடுப்பணையின் அடியில் தண்ணீர் விழும் இடத்தில், மேற்பரப்புத் தண்ணீர் ஆற்றோடு கீழே போகாமல் திரும்பவும் அணையை நோக்கியே சுழலும். உள்ளே மாட்டிய ஆளை அது இழுத்து, விழும் தண்ணீரின் கீழே தள்ளி, மேலே கொண்டுவந்து, மறுபடி இழுக்கும். அங்கே நுரைத்த தண்ணீரில் காற்று நிறையக் கலந்திருக்கும், அதனால் உடம்பு சரியாக மிதக்கவும் செய்யாது. எத்தனை பெரிய நீச்சல்காரராக இருந்தாலும் இதே கதிதான். அடையாளம் எளிது: ஒரு காய்ந்த குச்சியைப் போடுங்கள். அது கீழே போகாமல் அணையை நோக்கித் திரும்பி வந்தால் அந்த இடத்தில் இறங்கக் கூடாது.

நீர்த்தேக்கத்துக்குள் வேறு ஆபத்து. வண்டல் அள்ளிய குழிகள் கோடையில் தெரியும், மழைக்குப் பின் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கும்போது ஒரே அடியில் பதினைந்து அடி ஆழம். குழி ஓரம் செங்குத்தாக வெட்டிய களிமண், பிடித்து ஏற முடியாது. மதகுக் கோபுரத்தின் பக்கம் போகவே கூடாது. மேலே தண்ணீர் அசையாமல் கண்ணாடிபோல் இருக்கும். இரண்டுக்கு இரண்டு அடி மதகு வாய் 20 அடி ஆழத்தில் திறந்திருந்தால், அந்த வாயில் அடைபடும் ஒரு பொருளின் மேல் 2,200 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். காலோ உடம்போ அதில் மாட்டினால் மேலிருந்து எத்தனை பேர் இழுத்தாலும் வராது. மதகை மூடினால்தான் விடும். அதனால் யாராவது மாட்டியதாகத் தெரிந்தால் முதல் ஆள் ஓட வேண்டியது தண்ணீருக்குள் அல்ல, மதகு இயக்கும் இடத்துக்கு.

ஷட்டருக்குக் கீழே உள்ள சிமென்ட் தளத்தில் செல்ஃபி எடுக்க நிற்பவர்கள் பாசியைக் கவனிப்பதில்லை. கணுக்கால் அளவு ஓடும் தண்ணீரிலேயே வழுக்கி, கீழ்ப்பக்கத் தொட்டியில் விழுவார்கள். தண்ணீர் திறக்கப் போவதாகச் சங்கு ஊதினால், பொருளை எடுத்துக்கொண்டு வரலாம் என்று திரும்பக் கூடாது, கரை ஏறிவிட வேண்டும். ஏறும்போது நீங்கள் வந்த பக்கத்துக்கே வாருங்கள். ஆற்றைக் கடந்து வண்டி நிற்கும் பக்கம் போக முயன்று நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள், இரண்டாவது உயிர் போவது இப்படித்தான். மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி கேன் ஒன்றும் 15 மீட்டர் கயிறும் வண்டியில் கிடந்தால் போதும். கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் எறியும்போது காற்றில் அலையாமல் தூரம் போகும். ஆளைத் தாண்டி எறிந்து, கயிறு அவர் மேல் விழும்படி இழுக்க வேண்டும். கயிறு இல்லாவிட்டால் இரண்டு வேட்டியை முடிந்து வீசலாம். நீங்கள் படுத்துக்கொண்டு வீசுங்கள், நின்றால் உங்களையும் இழுத்துவிடும்.

சட்டப்படி யார் பொறுப்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரை நீளம் 500 மீட்டர் அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் போன்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்றை எட்டினால் போதும். இவற்றில் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம், வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தாலும் ஆய்வு செய்ய வேண்டும். கடைக்கால் அடியிலிருந்து 15.75 மீட்டர் உயரம் இருந்த அந்தப் பழைய குடகனாறு அணை இந்தச் சட்டத்துக்குள் வந்திருக்கும். 10 மீட்டருக்குக் கீழே உள்ள ஏரிக் கரைகளும் தடுப்பணைகளும் வராது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். புகார் எழுதும் முன் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தவறான அலுவலகத்துக்குப் போன மனு திரும்பி வருவதற்குள் பருவமழை முடிந்துவிடும்.

கரையில் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லலாம். "அணை கசியுது" என்று மட்டும் சொன்னால் எந்த இடம் என்று தேடவே ஒரு மணி நேரம் போகும். கரை மேல் நட்ட தூரக்கல்லின் எண், அங்கிருந்து எத்தனை அடி, உச்சியிலா நடுச் சரிவிலா அடியிலா, தண்ணீர் தெளிவா கலங்கலா, நேற்று இருந்ததா இன்றைக்குத்தானா, அணையில் இப்போது எத்தனை அடி. படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு செருப்பையோ குடையையோ வைத்து எடுங்கள், அளவு தெரியும். வழுகிய சரிவின் மேல் நின்று எடுக்காதீர்கள், பக்கவாட்டில் தள்ளி நின்று எடுங்கள்.